‘பார்க்க முடியவில்லை’ என்றொரு விடை

மார்ச் 3, 2025, திங்கள்

காலையில் இரவு அறிக்கையைத் திறந்தேன். வரிசையாக டிஸ்க்குகளின் பெயர்கள், எல்லாவற்றுக்கும் எதிரே ‘சுத்தம்’. சனிக்கிழமையே கழற்றி என் மேசைமேல் வைத்த டிஸ்க்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. கேபிளே இல்லாமல் கிடந்த ஒரு டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் பழுதில்லாமல் இருக்கிறது என்று எங்கள் சரிபார்ப்புக் கருவி சான்று தந்திருக்கிறது.

இந்தக் கருவி எனக்கு முன்பே இங்கே இருந்தவர்கள் எழுதியது. போன மாதம் என் பொறுப்புக்கு வந்தது. டிஸ்க்கைத் தானே திறந்து அடையாள விவரங்களைப் படித்துக்கொள்ளும். பிறகு லினக்ஸின் ஃபைல் சிஸ்டம் சோதனை நிரலான இ2எஃப்எஸ்சிகேயை ஓட்டி, அது எழுதுவதில் பழுதைக் குறிக்கும் வரிகளை எண்ணும். எண்ணிக்கை பூஜ்யமானால் சுத்தம். டிஸ்க்கைத் திறக்கவே முடியாதபோது பழுது வரி ஒன்றும் வராது. எண்ணிக்கை பூஜ்யம், ஆகவே சுத்தம்!

மின்வாரிய ஊழியர் கணக்கெடுக்க வரும்போது வீடு பூட்டியிருந்தால் ‘டோர் லாக்’ என்று குறித்துவிட்டுப் போவார். பூஜ்யம் யூனிட் என்று எழுதமாட்டார். அந்த எளிய நேர்மை ஒரு சரிபார்ப்புக் கருவிக்கு முதல் தகுதியாக இருக்க வேண்டும். தேடிப் பார்த்துப் பழுது கிடைக்காததும் தேடவே முடியாமல் போனதும் வேறு வேறு சங்கதிகள். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் மற்ற வரிகளையும் நம்ப முடியாது. இன்று அந்த அறிக்கையிலுள்ள எல்லா ‘சுத்த’மும் எனக்குச் சந்தேகம்தான்.

டேட்டா அறையைக் கவனிக்கும் அக்கா கேட்டார்: “அப்போ இத்தனை நாளா நான் ஃபைல்ல போட்டு வச்ச அறிக்கையெல்லாம்?” உண்மையைச் சொன்னேன். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல வழியில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நாள் முழுக்க இ2எஃப்எஸ்சிகேயின் மூல நிரலில்தான் இருந்தேன். தியோடர் சோ பல பத்தாண்டுகளாகப் பராமரித்துவரும் தொகுப்பு. டிஸ்க் திறக்காதபோது என்ன செய்வது என்பதற்கு அதில் ஒதுக்கியிருக்கும் கவனத்தைப் பார்த்து எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

திறக்கச் சொல்லி கர்னலைக் கேட்கிறோம். முடியாவிட்டால் அந்த அழைப்பு ‘மைனஸ் 1’ என்று திரும்புகிறது, காரணம் எர்நோ என்ற இடத்தில் ஓர் எண்ணாக வைக்கப்படுகிறது. 2 என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. 6 என்றால் பெயர் இருக்கிறது, அதன் பின்னால் சாதனம் இல்லை. 13 என்றால் உனக்கு அனுமதியில்லை. 16 என்றால் வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். 30 என்றால் எழுதத் தடை. 5 என்றால் நிலைமை மோசம், டிஸ்க்கோடு பேசும் பாதையிலேயே கோளாறு.

சோம்பேறி நிரல் இத்தனைக்கும் சேர்த்து ‘திறக்க முடியவில்லை’ என்று ஒரே வரி போட்டுவிட்டு ஒதுங்கும். இ2எஃப்எஸ்சிகே எண்ணைப் பார்த்து, அதற்கேற்ற அடுத்த வரியையும் தருகிறது. அனுமதி இல்லையென்றால், ரூட்டாக இருக்க வேண்டும் அல்லது அணுகும் உரிமை வேண்டும் என்கிறது. 16 என்றால், மவுண்ட் ஆகியிருக்கிறதா, வேறு நிரல் தனியுரிமையோடு திறந்து வைத்திருக்கிறதா என்று கேட்கிறது. 6 என்றால், சாதனம் இல்லையோ, ஸ்வாப் சாதனமோ என்கிறது. எழுதத் தடை என்றால், படிக்க மட்டும் செய்யும் ‘என்’ தேர்வோடு ஓட்டிப் பார் என்கிறது. திறந்தும் படிக்க வேண்டிய அளவுக்கு உள்ளே பைட்டுகள் இல்லையென்றால், இது நீளமே இல்லாத பார்ட்டிஷனோ என்று கேட்கிறது.

இவற்றில் பலவும் கேள்வியாகவே எழுதப்பட்டிருப்பது எனக்குப் பிடித்தது. கர்னல் கொடுத்தது ஓர் எண் மட்டுமே. அதற்குமேல் ஊகம் என்பதை அந்தக் கேள்விக்குறி ஒப்புக்கொள்கிறது.

ஒவ்வோர் எண்ணுக்கும் எழுந்து போக வேண்டிய ஆள் வேறு என்பதும் இதில் இருக்கிறது. 2 வந்தால் கேபிளைப் பார்ப்பவர் போக வேண்டும். 13 வந்தால் அட்மின். 16 வந்தால் அந்த டிஸ்க்கில் வேலை செய்துகொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும். 5 வந்தால் எல்லோரும் கையை எடுத்துவிட்டு முதலில் ஒரு நகல் எடுக்க வேண்டும். எண்ணை விழுங்கிவிடும் நிரல் இந்த நால்வரில் யாரை எழுப்புவது என்ற தகவலையும் சேர்த்து விழுங்குகிறது.

எங்கள் கருவி எண்ணை எப்படிப் பதிகிறது என்று மாலையில் பார்த்தோம். திறப்பு தோற்றதும் முதலில் லாக் எழுதும் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, அதற்குப் பிறகுதான் எர்நோவைப் படிக்கிறது. இடையில் அந்த ஃபங்ஷன் தன் வேலைக்காக எதையாவது திறந்து தோற்றிருந்தால் எர்நோவில் இருப்பது அதனுடைய காரணம். பழைய யுனிக்ஸ் நிரல்களில் சம்பந்தமே இல்லாமல் ‘டைப்ரைட்டர் இல்லை’ என்ற செய்தி வந்து பலரைக் குழப்பியது இப்படித்தான்: வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று நூலகம் உள்ளே சோதித்த எண் அங்கேயே தங்கிவிட்டது. தோற்ற அடுத்த வரியிலேயே எண்ணைத் தனி மாறியில் எடுத்துவைக்கும்படி மாற்றியாயிற்று.

மார்ச் 5, புதன்

புதிதாகச் சேர்ந்த தம்பி நல்ல கேள்வி கேட்டார். “இங்க ‘எஃப்டி பூஜ்யமோ அதுக்குக் கீழயோ இருந்தா தோல்வி’ன்னு போட்டிருக்கே, பூஜ்யமும் தோல்வியாண்ணே?”

பூஜ்யம் தோல்வி இல்லை. திறப்பு வெற்றி பெற்றால் கர்னல் தருவது, அந்த நிரலில் காலியாக இருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர் எண்களில் ஆகச் சிறியது. வழக்கமாக 0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி என்று முன்பே பிடிபட்டிருக்கும்; ஆகவே நமக்கு 3லிருந்து கிடைக்கும். யாராவது அந்த மூன்றையும் மூடிவிட்டு நிரலைத் தொடங்கினால், முதலில் திறக்கும் டிஸ்க்குக்குப் பூஜ்யமே கிடைக்கும். அது முழு வெற்றி. எங்கள் கருவி அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய ஆபத்து 1, 2 இரண்டிலும் இருக்கிறது. அவருக்குப் பலகையில் எழுதிக் காட்டினேன். பிழைச்செய்திக்குரிய 2ஆம் எண் மூடியிருக்கும்போது, எழுதும் உரிமையோடு ஒரு டிஸ்க்கைத் திறக்கிறோம், அதற்கு 2 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஏதோ ஒரு சின்ன எச்சரிக்கையைப் பிழைச்செய்தியாக அச்சிடுகிறோம். அந்த எழுத்துகள் திரைக்குப் போகாது, டிஸ்க்கின் மேலேயே எழுதப்படும். பழுது பார்க்க வந்த கருவி தன் புலம்பலைத் தரவின் மேல் எழுதிவிட்டுப் போகும். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

இ2எஃப்எஸ்சிகே எழுதியவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். அதில் ஒரு சிறு ஃபங்ஷன் இருக்கிறது: டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே ‘/டெவ்/நல்’லைத் திரும்பத் திரும்பத் திறக்கிறது, கிடைக்கும் எண் 2ஐத் தாண்டும்வரை. காலியாக இருந்த மூன்று இடங்களும் இப்படி நிரம்பிவிடும். பிறகு திறக்கும் டிஸ்க் அந்த எண்களுக்குள் வரவே முடியாது. முழுதும் பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். எத்தனை டிஸ்க்குகளை அது காப்பாற்றியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட வேலைக்குக் கைதட்டலும் கிடையாது.

சரி, ‘/டெவ்/நல்’லே திறக்காவிட்டால்? இது வெறும் கற்பனை இல்லை. கம்ப்யூட்டர் எழும் முதல் கணங்களில் ‘/டெவ்’ அடைவு இன்னும் தயாராகாமல் இருக்கலாம், அல்லது மெலிதாகக் கட்டிய மீட்பு இமேஜில் அந்தக் கோப்பே விடுபட்டிருக்கலாம். அப்போது ‘/டெவ்/நல்லைத் திறக்க முடியவில்லை’ என்று காரணத்தோடு பிழைச்செய்தி எழுதுகிறது அந்த ஃபங்ஷன். பிழைச்செய்தி எண்ணே மூடியிருந்தால் அது யாருக்கும் எட்டாது, ஆனால் டிஸ்க் இன்னும் திறக்கப்படாததால் யாருக்கும் தீங்கும் செய்யாது. எங்கள் கருவியில் அதே காவலை வைத்தோம். அது தோற்றால் மேற்கொண்டு ஓரடியும் வைக்காமல் வெளியேறும்படி எழுதினோம். பேச வாய் இல்லாத நிலையில் வெளியேறும் எண் ஒன்றுதான் கருவிக்கு மிஞ்சும் மொழி.

மார்ச் 6, வியாழன்

இன்று 16ஆம் எண், ‘பிஸி’.

லினக்ஸ் 2.6 முதல் ஒரு வசதி உண்டு. பிளாக் சாதனத்தைத் தனியுரிமைக் கொடியோடு திறக்கக் கேட்டால், அது மவுண்ட் ஆகியிருக்கும்போதோ வேறு விதமாகக் கர்னலின் பயன்பாட்டில் இருக்கும்போதோ திறப்பு தோற்று 16 வரும். மவுண்ட் பட்டியலைப் படித்துப் பார்ப்பதை மட்டும் நம்ப முடியாது. ‘/ப்ராக்/மவுண்ட்ஸ்’ அந்தந்த நேம்ஸ்பேஸுக்கு உரிய பட்டியலைத்தான் காட்டும். பக்கத்தில் ஒரு கன்டெய்னருக்குள் மவுண்ட் ஆன டிஸ்க் நம் பட்டியலில் வராமல் போகலாம். கர்னலுக்கோ அது தெரியும்.

மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது: 16 வந்தால் அந்தக் கொடியை எடுத்துவிட்டு மறுபடி திறக்கட்டும், அறிக்கை முழுமையாக வரும். நான் மறுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் அடியில் கைவைத்துத் திருத்துவது அதைக் கொல்லும் வேலை. மவுண்ட் ஆனதன் மேல் ஓட்டினால் கடுமையான சேதம் வரும் என்று இ2எஃப்எஸ்சிகே பெரிய எழுத்தில் கத்துவது சும்மா இல்லை. படிக்க மட்டும் செய்யலாமே என்றார்கள். அதற்கும் கையேட்டிலேயே பதில் இருக்கிறது: மவுண்ட் ஆகியிருக்கும்போது ‘என்’ தேர்வோடு ஓட்டுவது பாதுகாப்பானது, ஆனால் வரும் முடிவுகள் செல்லாது. கர்னல் பாதி மாற்றங்களை நினைவகத்தில் வைத்திருக்கும்போது டிஸ்க்கில் தெரிவது முரண்பட்ட படம். இல்லாத பழுதுகள் வரிசையாக வரும். நாளடைவில் ஆட்கள் பழுது வரிகளையே பார்க்காமல் விடப் பழகிவிடுவார்கள்.

பிடித்து வைத்திருப்பது யார் என்று பார்த்து அறிக்கையில் எழுதலாம். அதைச் செய்ய ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

‘திறப்பு’ என்று நாங்கள் இரண்டு படிகளைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கர்னல் சாதனத்தைத் திறந்து கொடுப்பது ஒன்று. உள்ளே இருப்பது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம்தானா என்று நூலகம் அடையாளம் காண்பது இன்னொன்று. முதலாவது வென்று இரண்டாவது தோற்கும் இடத்தில்தான் மனிதர்கள் பதறிப்போய்ப் பெரிய தவறுகளைச் செய்கிறார்கள்.

ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர் பிளாக் தொடங்குவது 1024ஆம் பைட்டில். அதற்குள் 56 பைட் தள்ளி இரண்டு பைட் அடையாளக் குறி: பதினாறடிமான எண்ணில் இஎஃப்53. அது அங்கே இல்லையென்றால் வருவது ‘சூப்பர் பிளாக்கில் தவறான மேஜிக் எண்’ என்ற புகழ்பெற்ற செய்தி. அதைப் படிப்பவர்கள் உடனே டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தச் செய்தியின் இரண்டாம் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும்: சாதனம் சரியானதாக இருந்து, உள்ளே உண்மையிலேயே எக்ஸ்ட் வகை ஃபைல் சிஸ்டம் இருந்தால், அப்போதுதான் சூப்பர் பிளாக் பழுது என்று பொருள், மாற்றுப் பிரதியோடு முயன்று பார்க்கலாம் என்கிறது.

மாற்றுப் பிரதிகள் இருப்பது பெரிய ஆறுதல். 4096 பைட் பிளாக் என்றால் முதல் பிரதி 32768ஆம் பிளாக்கில். 1024 பைட் பிளாக் என்றால் 8193இல். சாதாரண அமைப்பில் 1ஆம் பிளாக் தொகுதியிலும், 3, 5, 7 இவற்றின் அடுக்குகளான தொகுதிகளிலும் பிரதி இருக்கும். 32768, 98304, 163840, 229376, 294912 என்று டிஸ்க் ஃபார்மட் செய்யும்போது ஓடும் எண்கள் இவைதான். முதன்மைப் பிரதி கெட்டிருந்தால் இ2எஃப்எஸ்சிகே தானாகவே மாற்றுப் பிரதியைத் தேடிப் பார்க்கும்.

ஆனால் எங்களிடம் வரும் ‘தவறான மேஜிக் எண்’ணில் பெரும்பாலானவை பழுதே இல்லை. பார்ட்டிஷனின் பெயருக்குப் பதிலாக முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்திருப்பார்கள். அல்லது உள்ளே இருப்பது ஸ்வாப், எல்விஎம், லக்ஸ் பூட்டு. லக்ஸ் பூட்டிய டிஸ்க் முழு ஆரோக்கியத்தோடு இருக்கும்போதும் எக்ஸ்ட்4 கண்ணுக்கு அது குப்பையாகத்தான் தெரியும். இங்கே ‘பழுது’ என்று அறிக்கை எழுதினால் யாராவது நல்லெண்ணத்தோடு ஃபார்மட் செய்துவிடுவார். பூட்டின் தலைப்பகுதி அழிந்து, அதன் நகலும் இல்லையென்றால், கடவுச்சொல் தெரிந்தவராலும் அந்தத் தரவை மீட்க முடியாது.

எனவே அடையாளம் காணாதபோது கருவி முதலில் வேறு எந்த வகைக் குறி இருக்கிறது என்று பார்க்கும். இருந்தால் ‘இது எக்ஸ்ட்4 இல்லை, இன்னது’ என்று எழுதும். ஒன்றும் தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியவில்லை’. இந்த நிலைகளில் எதுவாக இருந்தாலும் திருத்தும் முறை தானாக ஓடாது. படிக்கும்போதே 5ஆம் எண் வந்தால் மாற்றுப் பிரதியைத் தேடிக்கூட டிஸ்க்கை அலைக்கழிக்காமல் நிறுத்திவிடும். டிடிரெஸ்க்யூ வைத்து நகல் எடுத்து, அந்த நகலின் மேல்தான் மற்ற வேலையெல்லாம்.

மார்ச் 10, திங்கள்

வெளியேறும் எண்கள். எஃப்எஸ்சிகே பெல் ஆய்வகத்தில் டி. ஜே. கோவால்ஸ்கி எழுதத் தொடங்கியது. பிறகு மெக்யூசிக்கும் அவரும் சேர்ந்து பெர்க்லி யுனிக்ஸுக்கான விளக்கத்தை எழுதினார்கள். லினக்ஸில் இன்று அதன் எண்கள்: 0 பழுதில்லை, 1 பழுது இருந்தது, திருத்தியாயிற்று, 2 கணினியை மறுபடி தொடங்க வேண்டும், 4 பழுது திருத்தப்படாமல் நிற்கிறது, 8 கருவியால் வேலை செய்ய முடியவில்லை, 16 கட்டளை எழுதியதில் தவறு, 32 பயனர் நிறுத்தினார், 128 நூலகப் பிழை. திறக்க முடியாத டிஸ்க்குக்கு 8. அதாவது, நான் போன வாரம் முழுக்கத் தேடிய ‘பார்க்க முடியவில்லை’ என்ற விடைக்கு இதில் ஏற்கெனவே தனி இடம் இருந்திருக்கிறது. எங்கள் கருவி அதைக் கேட்டு வாங்கவில்லை, அவ்வளவே.

கேட்டு வாங்கும் இடத்திலும் பள்ளங்கள் உண்டு. ஒரே அழைப்பில் பல டிஸ்க்குகளைச் சோதித்தால் எல்லா எண்களும் பிட் அளவில் சேர்ந்து ஒன்றாக வரும். ஒன்றுக்கு 4, இன்னொன்றுக்கு 8 என்றால் வருவது 12. ‘4க்குச் சமமா’ என்று கேட்கும் ஸ்கிரிப்ட் இரண்டையும் தவறவிடும். அடுத்தது, வெளியீட்டை லாகில் சேர்க்க ‘டீ’ கட்டளைக்குப் பைப் போட்டிருந்தால், ஷெல் தருவது ‘டீ’யின் எண், அது வழக்கமாக நிம்மதியாகப் பூஜ்யம் சொல்லும். எங்கள் இரவு ஸ்கிரிப்டில் இந்தப் பைப் இருந்தது. ‘பைப்ஃபெயில்’ அமைப்பைப் போட்டோம்.

எக்ஸ்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். மவுண்ட் ஆகும்போதே ஜர்னலிலிருந்து மீண்டுவிடும் என்பதால், அதற்கான எஃப்எஸ்சிகே வழக்கமாக ஒன்றையும் சோதிக்காமல் பூஜ்யத்தோடு வெளியேறும். உண்மையான சோதனை எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரில் இருக்கிறது. படிக்க மட்டும் செய்யும் முறையில் பழுது கண்டால் அது 1 தரும். ஓடும்போது வேறு கோளாறு வந்தாலும் 1தான். ஆகவே அந்த டிஸ்க்குகளுக்கு, கருவியே முதலில் திறந்து படித்துப் பார்த்த பிறகுதான் ரிப்பேரைக் கூப்பிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

மார்ச் 12, புதன்

சோதனை நாள். பிழைகளைக் காத்திருந்து பிடிக்க முடியாது, நாமே உண்டாக்க வேண்டும். இல்லாத பெயர் ஒன்று. நீளமில்லாத காலிக் கோப்பு ஒன்று. லூப் சாதனமாக மாட்டி எழுதத் தடை போட்டது ஒன்று. மவுண்ட் செய்து வைத்தது ஒன்று. 5ஆம் எண்ணுக்கு டிவைஸ் மேப்பரின் ‘எரர்’ வகை கைகொடுத்தது. அந்தச் சாதனத்தில் எதைப் படித்தாலும் கர்னல் கோளாறு என்றே சொல்லும். 13ஐச் சோதிக்க மட்டும் ரூட்டாக இருக்கக்கூடாது, ரூட்டை அனுமதிச் சுவர் தடுக்காது. சாதாரணப் பயனராக ஓட்டினோம்.

தம்பி தானாகவே ஒன்றைச் சேர்த்தார்: அறிக்கையை ‘/டெவ்/ஃபுல்’லுக்கு எழுதச் சொல்வது. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்று வரும். டிஸ்க்கெல்லாம் திறந்து, சோதனையெல்லாம் முடிந்து, அறிக்கையை எழுத முடியாமல் போனால் கருவி அதையும் சொல்கிறதா? சொல்லவில்லை. இப்போது சொல்கிறது. இவர் இந்தத் தொழிலில் நன்றாக வருவார்.

மார்ச் 13, வியாழன்

புது அறிக்கையில் மூன்று நிலைகள்: சுத்தம், பழுது, பார்க்க முடியவில்லை. மூன்றாவதன் பக்கத்தில் எண்ணும் காரணமும் யார் கவனிக்க வேண்டும் என்பதும். நேற்றிரவு முதன்முதலாக ஓடியது. ‘பார்க்க முடியவில்லை’ வரிகள் எல்லோரும் எதிர்பார்த்ததைவிட அதிகம். கூட்டத்தில் ஒருவர், இதை வாடிக்கையாளர் பார்த்தால் பயந்துவிடுவார், அந்த வரிகளை மறைத்துவிடலாம் என்றார். டேட்டா அறை அக்காதான் பதில் சொன்னார். “மறைச்சா ராத்திரி ஃபோன் வரும்போது நான் என்ன சொல்வேன்? எதைப் பார்க்கலைன்னு எனக்குத் தெரியணும்.” பேச்சு அதோடு முடிந்தது. வரிகள் இருக்கும்.

இரவு நேரத்தில் டிஸ்க் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றே அதற்கு இல்லாத ஒரு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்தத் தரவுக்கும் ஆபத்தில்லை, ஒரு நிமிட வேலை. ‘எல்லாம் நலம்’ என்று வந்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் அதைத் திருத்துங்கள்.